படைப்புக்கு ஊருக்குப் போகிறேன், வீட்டுக்குள் நெட் வராது. என்ன வழி?

மூணாங்கட்டு · திங்கள், இரவு 9.12

எல்லாருக்கும் வணக்கம். செட்டிநாட்டில், ராயவரம் பக்கத்தில் ஒரு ஊர். பெயரைச் சொன்னால் நான் யார் வீட்டுப் பையன் என்று பங்காளிகள் கண்டுபிடித்துவிடுவார்கள், அதனால் வேண்டாம். அடுத்த மாதம் படைப்பு, அதாவது முன்னோருக்குப் படையல் போட்டுப் பங்காளிகள் எல்லாரும் கூடும் நாள். ஆத்தாவை அழைத்துக்கொண்டு போய், அப்படியே ஓடு மாற்றும் வேலையையும் பார்த்துவிட்டு வரலாம் என்று இரண்டு வாரம் தங்குவதாகத் திட்டம். அவ்வளவு லீவு கிடையாது. படைப்பு நாள் தவிர மற்ற நாட்களில் அங்கிருந்தே வேலை பார்க்க வேண்டும். தினமும் வீடியோ மீட்டிங் உண்டு. சிங்கப்பூர்க்காரர்களோடு ஒன்று, அது காலை ஏழரைக்கே ஆரம்பித்துவிடும்.

வீடு ஐயா காலத்துக்கும் முந்தியது. திண்ணையில் நின்றால் சிக்னல் இரண்டு கோடு. பட்டாலை என்கிற உள்கூடத்தைத் தாண்டினால் ‘அவசர அழைப்பு மட்டும்’ என்று வரும். மொட்டை மாடியில் யூடியூபே ஓடுகிறது, ஆனால் இந்த வெயிலில் லேப்டாப்போடு அங்கே உட்கார்ந்தால் நான் அப்பளம்தான். ஆறு பங்காளிகளுக்குப் பங்குள்ள வீடு, வருஷம் முழுக்கப் பூட்டிக் கிடக்கிறது. பிராட்பேண்ட் யாரும் போடவில்லை. எந்த சிம் வாங்கினால் நல்லது?

செக்காலைரோடு · திங்கள், இரவு 9.20

காரைக்குடியில் 5ஜி பறக்குது ப்ரோ. என்ன பிரச்சினை?

தேவகோட்டைரஸ்தா · திங்கள், இரவு 9.41

தம்பி, காரைக்குடி வேறு, செட்டிநாடு வேறு. காரைக்குடியில் கல்லூரி, பல்கலைக்கழகம், மின்வேதியியல் ஆய்வகம், கடைத்தெரு என்று வருஷம் பூராவும் ஆள் இருக்கிறது. சுற்றுவட்ட ஊர்களில் தெருவுக்குத் தெரு அரண்மனை மாதிரி வீடு நிற்கும், உள்ளே ஆள் இருக்காது. வாசலில் பெரிய பூட்டும் கோடியில் ஒரு காவல்காரரும்தான். தெருவின் அகலத்தைப் பார்த்து யாரும் டவர் போட மாட்டார்கள், எத்தனை பேர் ரீசார்ஜ் செய்கிறார்கள் என்றுதான் பார்ப்பார்கள். ஊருக்கும் ஊருக்கும் நடுவில் கண்மாயும் கருவேலங்காடும். அங்கே டவர் வைத்து யாருக்கு விற்பது?

இதில் இன்னொரு கூத்து. படைப்பு, கல்யாணம், அறுபது எண்பது வயதுச் சாந்தி என்று வந்தால் அதே ஊருக்கு ஒரே நாளில் நூற்றுக்கணக்கில் கார் வந்து இறங்கும். எல்லாரும் வீடியோ கால் போடுவார்கள். அன்றைக்குக் கோடு நான்கும் நிறைந்திருக்கும், நெட் மட்டும் நகராது. படைப்பு நாளை லீவாக வைத்துக்கொண்டது புத்திசாலித்தனம்.

கைகாட்டி · திங்கள், இரவு 10.35

தொலைத்தொடர்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ‘எந்த சிம்’ என்ற கேள்வி இரண்டாவதாக வரட்டும். உங்கள் வீட்டில் அலை எந்த வழியாக உள்ளே வருகிறது என்பதை முதலில் பார்ப்போம்.

நீங்கள் சொன்ன மூன்று இடங்களையே எடுத்துக்கொள்ளுங்கள். மொட்டை மாடியில் நன்றாக இருக்கிறது. அப்படியென்றால் உங்கள் ஊருக்கு டவர் எட்டுகிறது, அதில் குறை இல்லை. திண்ணையில் குறைகிறது, பட்டாலைக்கு உள்ளே செத்துவிடுகிறது. ஆக, சிக்னலைத் தின்பது உங்கள் வீட்டுச் சுவர். நம் ஊர் வீடுகளின் சுவர் சாதாரணச் சுவர் இல்லையே. செங்கலும் சுண்ணாம்பும் வைத்து ஒன்றரை அடி, இரண்டு அடி கனத்துக்கு எழுப்பியது. அப்படி இரண்டு மூன்று சுவரை அலை தாண்ட வேண்டும். வெயிலை உள்ளே விடாத அதே கனம்தான் இதையும் விடுவதில்லை.

அதிர்வெண் குறையக் குறைய அலை தூரமும் போகும், சுவரையும் ஓரளவு துளைக்கும். ஜியோவிடம் 850 மெகாஹெர்ட்ஸ், ஏர்டெல்லிடம் 900, பிஎஸ்என்எல்லின் புது 4ஜிக்கு 700 இருக்கிறது. 1800, 2100, 2300 எல்லாம் வேகம் தரும், ஆனால் கனத்த சுவரில் திணறும். 5ஜி பெரும்பாலும் ஓடும் 3500 இன்னும் மோசம். வீட்டுக்குள் 5ஜியைத் தேடித் தேடிப் போன் களைத்துப்போகும். அதனால் ஊருக்குப் போனதும் செட்டிங்கில் 5ஜியை அணைத்து 4ஜியில் நிறுத்திவிடுங்கள். பாதிப் பேருக்கு இதிலேயே தொல்லை குறையும்.

இன்னொன்று, கோடுகளை நம்பாதீர்கள். ஒவ்வொரு கம்பெனிப் போனும் தன் இஷ்டத்துக்குக் கோடு போடும். ஆண்ட்ராய்டில் ‘போனைப் பற்றி’ என்ற பகுதிக்குள் சிம் நிலை என்று ஒன்று இருக்கும், அதில் மைனஸ் போட்டு டிபிஎம் கணக்கில் ஒரு எண் காட்டும். மைனஸ் 85 என்றால் அருமை. மைனஸ் 100 வரை மீட்டிங் ஓடும். மைனஸ் 110ஐத் தாண்டினால் குரலே அறுந்து அறுந்து வரும். 10 குறைந்தால் அலையின் வலு பத்தில் ஒரு பங்காகிறது என்று அர்த்தம். திண்ணையில் மைனஸ் 95, பட்டாலையில் மைனஸ் 115 என்றால் நடுவில் இருக்கும் ஒரு சுவர் நூறில் தொண்ணூற்றொன்பது பங்கைத் தின்றுவிட்டது.

உங்களுக்கு ஒரு கொடுப்பினை இருக்கிறது: வளவு. நடுவில் முற்றம் வானத்துக்குத் திறந்திருக்கிறது அல்லவா? அலை மேலிருந்து அந்த வழியாக இறங்கும். முற்றத்தை ஒட்டிய தூண் பக்கம் போனை வைத்து அளந்து பார்க்கச் சொல்லுங்கள். முற்றத்துக்கு மேலே தகரம் போட்டு மூடியிருந்தால் போச்சு, தகரம் ஒரு சொட்டு விடாது. பிளாஸ்டிக் தகடு என்றால் கவலை இல்லை.

மூணாங்கட்டு · செவ்வாய், காலை 8.05

அண்ணே, இவ்வளவு விவரமாக யாரும் சொன்னதில்லை. முற்றத்துக்கு மேலே கம்பி அழிதான், தகரம் இல்லை. நான் சென்னையில் இருக்கிறேன், காவல்காரரிடம் பட்டன் போன்தான் உண்டு, அளக்கச் சொல்ல முடியாது. சரி, இரண்டு கம்பெனி சிம் வைத்துக்கொண்டால் போதுமா?

கைகாட்டி · செவ்வாய், காலை 9.30

போதும். ஆனால் குருட்டாம்போக்கில் வாங்க வேண்டாம். ‘அவசர அழைப்பு மட்டும்’ என்று வருவதாக எழுதியிருக்கிறீர்களே, அது ஒரு துப்பு. 112 போன்ற அவசர அழைப்பை எந்தக் கம்பெனி டவர் வழியாகவும் அனுப்பலாம். உங்கள் கம்பெனி டவர் கிடைக்காமல் வேறு எவனுடைய டவரோ கிடைக்கும்போதுதான் போன் அப்படிக் காட்டும். அதாவது பட்டாலைக்குள்ளேயே இன்னொரு கம்பெனியின் அலை நுழைகிறது! போனதும் செட்டிங்கில் நெட்வொர்க்கைத் தானாகத் தேடுவதை நிறுத்திவிட்டுக் கையால் தேடிப் பாருங்கள். எந்தெந்தக் கம்பெனி கிடைக்கிறது என்று பெயரோடு பட்டியல் வரும். அந்த சிம்மை வாங்குங்கள்.

கிளம்புவதற்கு முன்னே தெரிய வேண்டுமானால் தொலைத்தொடர்புத் துறையின் தரங் சஞ்சார் தளத்தில் ஊரைப் போட்டு, பக்கத்தில் எந்தெந்தக் கம்பெனி டவர் இருக்கிறது என்று பார்க்கலாம். கம்பெனிகள் தங்கள் தளங்களில் வைத்திருக்கும் வரைபடங்களும் உண்டு. ஆனால் அவை தெருவில் நிற்பவனுக்கு, பட்டாலையில் உட்கார்ந்திருப்பவனுக்கு அல்ல.

பிஎஸ்என்எல் எடுப்பதானால் ஒரு எச்சரிக்கை. நம் நாட்டிலேயே செய்த கருவிகளோடு அவர்களின் 4ஜி நாடு முழுக்க 2025 செப்டம்பர் 27 அன்று முறைப்படி தொடங்கிவைக்கப்பட்டது. கிராமத்துப் பக்கம் அதன் பலம் 700 மெகாஹெர்ட்ஸ். அந்த 700க்குப் பெயர் பேண்ட் 28, உங்கள் போன் அதை எடுக்குமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். எடுக்காத போனில் அந்த சிம்மைப் போட்டுவிட்டுக் கம்பெனியைத் திட்டிப் பிரயோஜனம் இல்லை.

பாலைவனப்பறவை · செவ்வாய், காலை 11.15

இவ்வளவு எதற்கு? துபாயில் சாட்டிலைட் போன் கிடைக்கிறது. ஒன்று கொண்டுவரச் சொல்லுங்கள். இல்லையென்றால் ஆன்லைனில் சிக்னல் பூஸ்டர் வாங்கி மாட்டுங்கள். முடிந்தது கதை.

கைகாட்டி · செவ்வாய், காலை 11.40

இரண்டும் வேண்டாம், தயவுசெய்து. துராயா, இரிடியம் போன்களை அனுமதியில்லாமல் இந்தியாவுக்குள் வைத்திருப்பதே குற்றம். தெரியாமல் கொண்டுவந்த வெளிநாட்டுப் பயணிகளே விமான நிலையத்தில் மாட்டியிருக்கிறார்கள். மலையேறுபவர்கள் இடுப்பில் மாட்டும் சாட்டிலைட் செய்திக் கருவிக்கும் அதே கதிதான். சாட்டிலைட் வழியாக நெட் தரும் ஸ்டார்லிங்குக்கு 2025 ஜூனில் உரிமம் கொடுத்தார்கள், அது சட்டப்படியான வழி. அதற்காக வெளிநாட்டில் வாங்கிய அதன் டிஷ்ஷைப் பெட்டியில் போட்டுக் கொண்டுவருவது சட்டப்படியானது ஆகாது.

பூஸ்டரும் அப்படித்தான். கம்பெனி தன் செலவில் வைத்தால் சரி, நாம் வாங்கி மாட்டினால் சட்டவிரோதம். ஆன்லைனில் விற்கிறார்கள் என்பதால் சரியாகிவிடாது. உங்கள் வீட்டில் நான்கு கோடு வரும், அந்த இரைச்சலில் தெருவுக்கே அழைப்பு அறுந்துபோகும்.

கேபிளண்ணே · செவ்வாய், மதியம் 2.50

இப்போதுதான் பார்த்தேன். இந்தப் பக்கம் ஃபைபர் இழுக்கிறவன் நான். இரண்டு வாரத்துக்கு சிம்மை நம்பி ஆபீஸ் வேலை பார்ப்பதை விட, ஃபைபர் கிடைக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள். ராயவரம், அரிமளம், திருமயம் பக்கமெல்லாம் உள்ளூர்க் கேபிள்காரர் ஒருவராவது இருப்பார். டிவி இணைப்பு கொடுக்கிற அவரேதான் இப்போது நெட்டும் கொடுக்கிறார். பஞ்சாயத்து அலுவலகத்திலும் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். பாரத்நெட் என்ற அரசுத் திட்டத்தில் தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளுக்கும் ஃபைபர் கொண்டுபோகும் வேலை நடக்கிறது, உங்கள் ஊராட்சிக்கு வந்துவிட்டதா என்று அங்கே தெரியும்.

ஃபைபரில் எனக்குப் பிடித்த சங்கதி என்னவென்றால், எங்கள் இடத்திலிருந்து உங்கள் வீடு வரை நடுவில் எங்கேயும் கரண்ட் தேவையில்லை. 20 கிலோமீட்டர் வரை வெளிச்சம் கண்ணாடி இழை வழியாகத் தானாகப் போகும். ஊரில் கரண்ட் போனாலும் எங்கள் பக்கம் பேட்டரி இருந்து, உங்கள் மோடத்துக்கு ஒரு மினி யுபிஎஸ் இருந்தால் நெட் நிற்காது. மினி யுபிஎஸ் கையடக்கப் பெட்டிதான், 12 வோல்ட். சில மணி நேரம் தாங்கும். செல்போன் டவர் அப்படியில்லை. பேட்டரி தீர்ந்து, ஜெனரேட்டரில் டீசலும் இல்லையென்றால் டவரே படுத்துவிடும். மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை ஒன்பது மணிக்குக் கரண்டை நிறுத்தினால் சாயங்காலம்தான் வரும். தேதியை முன்கூட்டியே அறிவிப்பார்கள், பார்த்துவிட்டு அன்றைக்கு மீட்டிங் வைக்காதீர்கள்.

கேபிள்காரரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். அவருடைய மெஷினுக்கு பேக்கப் எத்தனை மணி நேரம்? அது இல்லாவிட்டால் உங்கள் யுபிஎஸ் சும்மா எரியும். மேலேற்றும் வேகம் எவ்வளவு? எல்லாரும் இறக்கும் வேகத்தைத்தான் சொல்வார்கள், மீட்டிங்கில் உங்கள் முகம் போவது மேலேற்றும் வேகத்தில். அறுந்தால் எத்தனை மணி நேரத்தில் வந்து ஒட்டுவார்? வைக்கோல் லாரி வரும் சீசனில் இந்தக் கேள்விக்கு மதிப்பு அதிகம். பாரம் கம்பத்துக் கேபிளில் மாட்டி இழுத்துக்கொண்டே போய்விடும்.

ஒரு மாதத்துக்கு மட்டும் இணைப்பு என்றால் இழுக்கும் செலவை முன்னாலேயே கேட்பார். நியாயம்தான், கோபப்படாதீர்கள். வருஷக் கணக்கில் போட்டு ஆறு பங்காளிகளும் பிரித்துக்கொள்வது எப்படி என்று யோசியுங்கள். ‘நெட்’ என்று கேட்டால் யாரும் காசு தர மாட்டார்கள். ‘பூட்டின வீட்டுக்கு கேமரா’ என்று கேளுங்கள், கோயம்புத்தூரிலும் கோலாலம்பூரிலும் இருந்துகொண்டு போனிலேயே வாசலைப் பார்க்கலாம் என்றால் ஆறு பேரும் தருவார்கள். நான் இழுத்த பூட்டின வீடுகளில் முக்கால்வாசி இப்படி வந்ததுதான்.

சுண்ணாம்புக்காரை · செவ்வாய், மாலை 4.10

கேபிளண்ணே சொன்னதெல்லாம் சரி. ஆனால் உங்கள் பையன்கள் ஒரு டிரில்லிங் மெஷினோடு வந்து நிற்பார்களே, அதைப் பற்றிப் பேச வேண்டும். பழைய வீடுகளைப் பழுது பார்ப்பது என் தொழில். சுண்ணாம்பு, கடுக்காய், முட்டை வெள்ளைக்கரு சேர்த்து அரைத்து, அடுக்கு அடுக்காகப் பூசித் தேய்த்த சுவர் அது. கையை வைத்தால் கண்ணாடி மாதிரி வழுக்கும். அதில் ஒரு ஓட்டை போட்டால் சுற்றிலும் ஓடு மாதிரி பெயர்ந்து வரும். அப்புறம் சிமெண்ட் பூசி அடைப்பார்கள். சிமெண்ட் ஈரத்தை உள்ளேயே பிடித்துவைத்து, இரண்டு மழைக்காலத்தில் பக்கத்துப் பூச்சையும் தள்ளிவிடும். அந்த ஓட்டையைச் சரிசெய்ய ஆள் தேடினால் கிடைப்பதும் கஷ்டம், கிடைத்தால் அவர் கேட்கும் கூலி உங்கள் நெட் பில்லைவிட அதிகம்.

ஓட்டை போடவே தேவையில்லை. கேபிளை மாடிக்குக் கொண்டுபோய், முற்றத்துக் கம்பி அழியின் இடைவெளி வழியாக மூலையில் இறக்குங்கள். மழைநீர்க் குழாயை ஒட்டிக் கட்டினால் கண்ணுக்கும் தெரியாது. வேலை முடிந்ததும் உருவிக்கொள்ளலாம். தேக்குத் தூணில் ஆணி அடிக்கிறவனைக் கண்டால் எனக்குச் சொல்லுங்கள்.

கைகாட்டி · செவ்வாய், மாலை 5.25

அருமை. இதே வழி ஃபைபர் கிடைக்காவிட்டாலும் உதவும். சிம் போடும் 4ஜி ரௌட்டர் ஒன்று வாங்கி, மாடிப்படிக்கட்டின் தலைப்பில், வெயில் படாத இடத்தில் வையுங்கள். அங்கிருந்து லேன் கேபிளை முற்றம் வழியாக இறக்கி, கீழே பட்டாலையில் ஒரு வைஃபை பெட்டியில் சொருகுங்கள். லேன் கேபிள் 100 மீட்டர் வரை தாங்கும், முன் தெருவிலிருந்து பின் தெரு வரை போகும் வீட்டுக்கும் போதும். வெளி ஆண்டெனா மாட்ட வசதியுள்ள ரௌட்டர் என்றால் இன்னும் நல்லது. இதற்கு அனுமதி எதுவும் வேண்டாம், இது பூஸ்டர் அல்ல, வெறும் போன் மாதிரிதான். போனையே மாடியில் ஹாட்ஸ்பாட்டாக வைப்பவர்கள் உண்டு. மதிய வெயிலில் அது சூடேறித் தானாக அணைந்துவிடும், சரியாக மீட்டிங் நடுவில்.

வைஃபை பெட்டியை எங்கே வைப்பது என்பதிலும் ஒரு சூட்சுமம். நம் வீடுகளில் வாசல் நிலை, வளவு நிலை, இரண்டாங்கட்டு நிலை, பின்வாசல் எல்லாம் ஒரே நேர்கோட்டில் இருக்கும். வாசலில் நின்றால் கொல்லை தெரியும். அந்தக் கோட்டில் பெட்டியை வைத்துக் கதவுகளைத் திறந்து விட்டால் அலை சுவரில் முட்டாமல் நேரே போகும். பக்கத்து அறைக்குள் வைத்தால் அந்த அறைக்கு மட்டும்தான். 2.4 கிகாஹெர்ட்ஸில் வையுங்கள், 5 வேண்டாம்.

பினாங்குப்பேத்தி · செவ்வாய், இரவு 8.45

நாங்களும் வருஷா வருஷம் பினாங்கிலிருந்து வருவோம். வெளிநாட்டிலிருந்து வருகிற உங்கள் பங்காளிகளுக்காகச் சொல்கிறேன். வெளிநாட்டுப் பாஸ்போர்ட்டில் சிம் வாங்க பாஸ்போர்ட், விசா, போட்டோ, கூடவே உறுதிப்படுத்த இந்திய எண் ஒன்றும் கேட்பார்கள். உடனே உயிர் வராது, சில மணி நேரம் ஆகும். அதனால் திருச்சியில் இறங்கியதுமே வாங்கிவிடுங்கள். ஊருக்குப் போய் வாங்கலாம் என்று நினைத்தால் அந்தக் கடைக்காரருக்கு வெளிநாட்டுப் பாஸ்போர்ட் நடைமுறையே தெரியாமல் இருக்கலாம்.

அட்டையில்லாத இசிம் போடுவதானால் வெளிநாட்டிலிருந்து கிளம்பும் முன்பே போனில் ஏற்றிவிடுங்கள். பயண இசிம் விற்கும் சில தளங்களை 2024 ஜனவரியிலிருந்து இந்தியாவில் முடக்கிவைத்திருக்கிறார்கள், இங்கே வந்த பிறகு அவை திறக்காது.

மலேசிய எண்ணின் ரோமிங் விலை அதிகம். ஆனால் கைகாட்டி அண்ணன் சொன்ன சுவர்ப் பிரச்சினைக்கு அதில் ஒரு லாபம் உண்டு. உள்ளூர் சிம் ஒரே கம்பெனியோடு கட்டிப்போட்டது. ரோமிங் சிம் ஒப்பந்தம் உள்ள எந்தக் கம்பெனிக்கும் தாவும். எங்கள் வீட்டில் இரண்டாங்கட்டில் யாருக்கும் சிக்னல் இல்லாதபோது என் மலேசிய எண்ணில் மட்டும் வந்தது. அப்பத்தா அதைத் தவிர வேறு போனைத் தொடவே மாட்டேன் என்றுவிட்டார்கள்!

மூணாங்கட்டு · செவ்வாய், இரவு 9.30

அக்கா, இதை அப்படியே குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடுகிறேன். பெயர் சொல்ல மாட்டேன்.

வண்டிக்காரத்தம்பி · புதன், காலை 6.20

டூரிஸ்ட் வண்டி ஓட்டுறேன். கானாடுகாத்தான், ஆத்தங்குடி, கடியாபட்டி எல்லாம் தினமும். நெட் இல்லாத இடத்தில் முதலில் ஆள் தடுமாறுவது வழியில்தான். மேப்பை முன்னாடியே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், அது நெட் இல்லாமலும் வழி காட்டும். காரைக்குடியிலிருந்து புதுக்கோட்டை வரை ஒரே சதுரமாகப் பிடித்தால் எல்லாம் அடங்கிவிடும்.

ஆனால் ஊர்ப் பெயரில் ஏமாறாதீர்கள். சிறுவயல் வேறு, மஞ்சுவிரட்டுக்குப் பேர்போன சிராவயல் வேறு. இங்கிலீஷில் ஒரே ஒரு எழுத்துதான் வித்தியாசம், தூரம் அப்படியில்லை. கடியாபட்டிக்கு இராமச்சந்திரபுரம் என்று இன்னொரு பெயர். கொத்தமங்கலம் இந்தப் பக்கமும் உண்டு, ஆலங்குடிப் பக்கமும் உண்டு. சென்னையிலிருந்து வந்த ஒரு குடும்பம் கல்யாண வீட்டுக்கு ஆலங்குடிப் பக்கம் போய் நின்று எனக்கு போன் போட்டார்கள். பத்திரிகையில் பின்கோடு இருக்கும், அதைப் பார்த்து மேப்பில் குறித்து வைத்துக்கொண்டால் தப்பிக்கலாம்.

காசு விஷயம். தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல் பட்டறையில் கல் செய்வதைப் பார்த்துவிட்டு நாலு கல் வாங்குவார்கள், அப்புறம் ஸ்கேன் பண்ணினால் சுற்றிக்கொண்டே இருக்கும். நெட் இல்லாமலும் யுபிஐ அனுப்பலாம், *99# போட்டால் மெனு வரும். ஒரு தடவைக்கு 5,000 ரூபாய் வரை. பேங்கில் கொடுத்த அதே நம்பர் சிம்மிலிருந்து போட வேண்டும், யுபிஐ பின் நம்பரை முன்னாடியே வைத்திருக்க வேண்டும். அதற்கும் டவர் வேண்டும், நெட் மட்டும்தான் வேண்டாம். எதற்கும் கையில் கொஞ்சம் சில்லறை நோட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

குன்றக்குடிக்காவடி · புதன், காலை 10.05

இந்தப் பேச்சுக்குக் கொஞ்சம் வெளியே போகிறேன், மன்னிக்கவும். தைப்பூசத்துக்குப் பழனி நடைப்பயணம் போகிறவர்களுக்கும் இது பயன்படும். குன்றக்குடியில் கிளம்பி சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் வழியாக நடக்கும்போது வழியில் டவர் வரும், போகும். கூட்டம் சேரும் இடத்தில் கோடு நிறைய இருந்தும் நெட் நகராது. அந்த நேரத்தில் வாட்ஸ்அப்பில் மல்லுக்கட்டாமல் சாதாரண எஸ்எம்எஸ் அனுப்புங்கள், அது நுழைந்துவிடும். ‘நத்தம் வந்துவிட்டோம்’ என்று இரண்டு வார்த்தை போதாதா?

டவர் எட்டாத இடத்தில் போன் முழு பலத்தோடு கத்திக்கொண்டே இருக்கும், பேட்டரி மதியத்துக்குள் தீரும். நடக்கும்போது போனை ஏரோபிளேன் மோடில் போட்டுவிட்டு, தங்கும் இடத்தில் மட்டும் திறப்போம். வீட்டில் இருப்பவர்களிடம் முன்பே சொல்லிவிடுவோம்: சாயங்காலம் தங்குமிடத்தில் செய்தி வரும், அதற்கு முன் கூப்பிட்டு எடுக்கவில்லையென்றால் பதறாதீர்கள்.

பழையபெட்டகம் · புதன், மதியம் 1.15

இரண்டு வாரம் நெட் இல்லாமல் இருந்தால் என்ன குடி முழுகிப்போகும்? படைப்புக்குப் போய் நாலு சொந்தத்தோடு பேசுங்கள்.

மூணாங்கட்டு · புதன், மதியம் 1.40

ஐயா, லீவு கிடைத்தால் நெட் எதற்கு என்று நானே சொல்லுவேன். கிடைக்கவில்லை. வேலையோடு போனால்தான் ஆத்தா இரண்டு வாரம் ஊரில் இருக்க முடியும், இல்லையென்றால் படைப்பு அன்றைக்கு வந்துவிட்டு அன்றைக்கே திரும்ப வேண்டும். அவர்களுக்குச் சர்க்கரை வேறு. வீட்டுக்குள்ளிருந்து மருத்துவருக்கு ஒரு அழைப்புப் போக வேண்டாமா?

கைகாட்டி · புதன், மதியம் 2.20

அந்தக் கடைசி வரிக்கு மட்டும் பதில். ஃபைபரோ ரௌட்டரோ வந்ததும், உங்கள் போனிலும் ஆத்தா போனிலும் ‘வைஃபை காலிங்’கைப் போட்டு வையுங்கள். டவர் எட்டாத இரண்டாங்கட்டிலிருந்தும் சாதாரண எண்ணிலேயே பேசலாம், தனி ஆப் வேண்டாம். சென்னையிலேயே போட்டு ஒரு தடவை பேசிப் பாருங்கள். சில பழைய போன்களில் அந்த வசதி இருக்காது.

மூணாங்கட்டு · வியாழன், இரவு 10.10

இப்படி முடிவு செய்திருக்கிறேன். ஊர்க் கேபிள்காரரிடம் பேசினேன், ஃபைபர் எங்கள் தெருவுக்கே வந்திருக்கிறதாம். வருஷ இணைப்பு, கேமரா காரணம் சொல்லிக் குழுவில் போட்டேன், நான்கு பங்காளிகள் சரி என்றுவிட்டார்கள், ஒருவர் ‘பார்க்கலாம்’ என்கிறார். மினி யுபிஎஸ் ஒன்று இங்கிருந்தே வாங்கிப் போகிறேன். மாற்றுக்கு வேறு கம்பெனி சிம் போட்ட 4ஜி ரௌட்டர், நண்பனிடம் இரவல். ஃபைபர் அறுந்தால் வீடியோவை அணைத்துவிட்டுக் குரல் மட்டும். அதுவும் இல்லையென்றால் காரை எடுத்துக்கொண்டு காரைக்குடி. வீட்டு இன்வெர்ட்டரை நம்பலாமா?

கேபிளண்ணே · வியாழன், இரவு 10.25

பூட்டின வீட்டு இன்வெர்ட்டரா? பேட்டரியில் தண்ணீர் வற்றிப் போயிருக்கும். போன முதல் நாளே எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுக் காட்டுங்கள், அதுவரை நம்ப வேண்டாம். லேப்டாப்புக்கு சார்ஜ் ஏற்றும் பவர் பேங்க் இருந்தால் எடுத்து வாருங்கள்.

ஒன்று கேட்க மறந்துவிட்டேன். கம்பம் எந்தப் பக்கம்? முன் தெருவிலா, பின் தெருவிலா?

மூணாங்கட்டு · வியாழன், இரவு 10.31

பின் தெருவில். கேபிள்காரர் பின்கட்டு வழியாக மாடிக்கு ஏற்றி, முற்றத்தில் இறக்கிவிடலாம் என்றார்.

சுண்ணாம்புக்காரை · வியாழன், இரவு 10.38

நல்ல ஆள். அவரிடமே இழுங்கள்.

கேபிளண்ணே · வியாழன், இரவு 10.40

பின்கட்டுச் சாவி உங்களிடம்தானே இருக்கிறது?

மூணாங்கட்டு · வியாழன், இரவு 10.44

‘பார்க்கலாம்’ என்றாரே, அந்தப் பங்காளியிடம்.

கேபிளண்ணே · வியாழன், இரவு 10.46

அப்போ யுபிஎஸ், ரௌட்டர் எல்லாம் அப்புறம். நாளைக்குக் காலையில் அவருக்கு ஒரு போன் போடுங்கள்.